புகை போன பக்கம்

புகை என்றால் மேலே போகும். அதற்கு யாரும் வழி சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று பிற்பகல், சூட்டுக் கம்பியால் தெர்மாகோலை அறுத்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற நில அளவையர் கண்ட புகை, மேசையிலிருந்து இறங்கி, தரையோடு தரையாகப் படுத்து, தையல் நூல் பருமனில் நெளியாமல் நகர்ந்து, பக்கத்து அறைக் கதவுக்கடியில் நுழைந்தது. சங்கிலி பிடித்து அளந்தாலும் இத்தனை நேர்கோடு வராதே என்று அவர் மெச்சிக்கொண்டார். தொழில் புத்தி.

உத்தியோக காலம் முழுக்க ஒரு மலையைக்கூட ஒழுங்காக அளக்காத மனிதர், இப்போது பொம்மை ரயிலுக்காக மலையே செய்துகொண்டிருந்தார். மின்விசிறியை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, அதன் இடுக்கிலெல்லாம் பழைய துணியைத் திணித்திருந்தார். காற்றுப் பட்டால் கம்பியின் சூடு ஏறி இறங்கும். மலைச்சரிவு பல்லுப் பல்லாக வரும். சீக்கிரம் முடிய வேண்டுமென்று சூட்டையும் கூட்டி வைத்திருந்தார். அளவான சூட்டில் தெர்மாகோல் சாதுவாக உருகும். சூடு கூடினால் கருகி, தித்திப்பும் நெடியுமாகப் புகைந்து தள்ளும். இதெல்லாம் தெரியாதவர் அல்ல. தெரிந்ததால்தான் வடிகட்டி வைத்த உயர்ந்த ரக முகமூடி ஒன்று வாங்கியிருந்தார். ஒன்றே ஒன்று.

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி படுத்திருந்தாள். நிமோனியா வந்து பிழைத்தவள். நுரையீரல் இன்னும் பாதிதான் வீடு திரும்பியிருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரையே பேச வைத்த அந்தக் குரல், இப்போது இருமலுக்கு நடுவே இடம் பார்த்துத்தான் பேசியது.

“என்னங்க, ஜன்னலைத் தொறந்து வைங்களேன். தொண்டையெல்லாம் எரியுது.”

“தொறந்தா வெட்டு கோணலாயிடும்மா. சிகரம் மட்டுந்தான் பாக்கி.”

“நீங்க சிகரம் வைக்கிறதுக்குள்ள நான் மலையேறிடுவேன் போல.”

“நக்கலுக்கு மட்டும் மூச்சு வருது பாரு.”

மறுபடி இருமல். காய்ந்த ஓலையைக் கிழிப்பதுபோலத் தொடங்கி, ஈரத் துணியைப் பிழிவதுபோல முடிகிற இருமல். ஒவ்வொன்றும் சுவர் வழியே வந்து கம்பியை நடுக்கியது.

“கொஞ்சம் மெதுவாத்தான் இருமேன்! கை ஆடுது.”

கல்யாணமான நாள் முதல் அவர் பேச்சைக் கேட்டறியாதவள், அன்றைக்குக் கேட்டாள். இருமல் தணிந்தது. பிறகு நின்றது.

அப்பாடா என்று அவர் சிகரத்தைச் செதுக்கினார். வழவழவென்று வந்தது. அந்த வழவழப்பை விரலால் தடவிப் பார்க்கக் குனிந்தபோதுதான் கவனித்தார்: தரையில் புகை இப்போது நகரவில்லை. ஓடியது. யாரோ அந்தப் பக்கம் உட்கார்ந்து சுருட்டி எடுப்பதுபோல, விறைத்துக்கொண்டு ஓடியது.

ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். மறுபடி இழுப்பு.

“ஏம்மா? தூங்கிட்டியா?”

புகை இழை ஒருமுறை சுண்டியது.

கம்பியை அணைத்தார். சிவப்பு மங்கி, கறுத்து, குளிர்ந்தது. புதுப்புகை இல்லை. அறையில் தேங்கியிருந்த புகை மட்டும், கூரையிலிருந்தும் மூலையிலிருந்தும் அவர் சட்டை மடிப்பிலிருந்தும் கிளம்பி, கதவுக்கடியில் போயிற்று. ஒரு ஜன்னலும் திறக்காமலே அறை பளிச்சென்று ஆனது.

கதவைத் திறந்தார்.

அவள் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. உதடு மட்டும் குவிந்திருந்தது. புகையின் வால் அதற்குள் போய் மறைந்தது.

வெளியே வரவில்லை.

முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டு, அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை. வெள்ளையாக ஒன்று வந்தது. நூல் பருமன். நெளியாமல். அவர் உதட்டிலிருந்து அவள் உதட்டுக்கு.

வாயை மூடினார். மூக்கிலிருந்து வந்தது.

மூக்கைப் பொத்தினார். விரலிடுக்கில் வந்தது.

இழுப்பு. நிறுத்தம். இழுப்பு.

அவள் முகத்தருகே சரிந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இத்தனை கிட்டத்தில் அவள் முகத்தை அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அவள் கன்னத்தில் மெல்ல மெல்ல நிறம் ஏறிக்கொண்டிருந்தது.