பதினைந்தாவது வரி

ஐந்தரைக்கு எழுகிறேன். பல் துலக்குகிறேன். ஒரு தம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தேயிலை போட்டு, பால் விடாமல் குடிக்கிறேன். பால்காரரை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது. பிறகு முன்னறை மேசையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறக்கிறேன். முதுகுக்குப் பின்னால் படுக்கையறைக் கதவு. வெளிப்பக்கம் கொண்டி போட்டிருக்கிறது. நான் முன்னறையில்தான் படுக்கிறேன்.

வாட்ஸப்பில் வந்த பட்டியல்களை எக்செல் தாளில் ஒட்டுகிறேன். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஜே மூன்றையும் சேர்த்து அழுத்துகிறேன். அது ஜிஜா வைத்த குறுக்குவழி. ஜிஜா என் மனைவி. போன அக்டோபரில் இறந்தாள்.

பாறசாலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சபைக்கு இது நூற்றைம்பதாவது ஆண்டு. நினைவு மலர் போடுகிறார்கள். அதில் மரித்தோர் பட்டியல் உண்டு. பெயர், வீட்டுப்பெயர், பிறந்த நாள், மரித்த நாள், கடைசியாகச் சொன்ன வார்த்தை. அடக்க ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்போடு கடைசி வார்த்தையையும் வாசிப்பது எங்கள் வழக்கம். அதனால் மலரிலும் பட்டியலின் கடைசிப் பத்தி அதற்கு.

எட்டுப் பகுதியிலிருந்து எட்டு விதமாகப் பட்டியல் வரும். ஒருவர் ‘லேட்’ என்பார், ஒருவர் ‘மறைந்த’ என்பார். ஒருவர் தேதிக்குப் புள்ளி வைப்பார், ஒருவர் கோடு போடுவார். எல்லாவற்றையும் தேடி ஒரே மாதிரி மாற்ற வேண்டும். இந்த வேலை முதலில் ஜிஜாவிடம்தான் இருந்தது. ஒரு வாரம் கையாலேயே மாற்றிப் பார்த்துவிட்டு, அவள் மேக்ரோ பதிவு செய்தாள். ஒருமுறை செய்து காட்டினால் போதும், பிறகு அது தானே செய்யும். மேக்ரோவுக்குள் தமிழ் எழுதினால் கேள்விக்குறிகளாகிவிடும் என்பதால் ‘மாற்று’ என்று தனித்தாள் ஒன்று வைத்தாள். இடது பக்கம் தேட வேண்டியது, வலது பக்கம் அதற்குப் பதில் வர வேண்டியது. பதினான்கு வரி.

பதினான்காவது வரியில் இடது பக்கம்: தெரியாது. வலது பக்கம்: இயேசுவே, இதோ வருகிறேன்.

அது சபைச் செயலர் ஈசாக் மாமாவின் யோசனை. முந்நூற்று நாற்பது பேரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கடைசி வார்த்தை ‘தெரியாது’ என்றுதான் வீட்டுக்காரர்கள் எழுதியிருந்தார்கள்.

“மூக்குல குழாயோட கெடந்தவன் என்னத்த பறஞ்சிருப்பான்? நல்லதா ஒண்ணு போடு பிள்ளே. கர்த்தர் கேஸ் குடுக்கப் போறாரா?” என்றார்.

அவர் போன பிறகு ஜிஜா சிரித்தாள். “நம்ம சபைக்காரங்க எல்லாரும் ஒண்ணையே பறஞ்சிட்டாக்கும் செத்தது. எனக்குள்ளத மட்டும் மாத்திப்போடாதீங்க, கேட்டியளா.”

மேக்ரோவைப் பதிவு செய்தபோது அவள் கை தவறி மூன்றாம் பத்தியைத் தொட்டுவிட்டு, பிறகுதான் கடைசிப் பத்திக்கு வந்தாள். அந்தத் தவறும் பதிவாகிவிட்டது. தினமும் காலையில் திரையில் தேர்வுக் கட்டம் தவறான இடத்துக்குப் போய்த் திரும்பும். நான் அதைத் திருத்தவில்லை. அவளுடைய கை அசைவில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

அவள் அடக்கத்தின்போது போதகர் கடைசி வார்த்தையைக் கேட்டார். பதினான்காவது வரியைச் சொன்னேன். அவள் அம்மா விமலகுமாரி அதைக் கல்லறைக் கல்லில் வெட்ட வைத்தார்.

போன திங்கட்கிழமை மேக்ரோவை ஓட்டியபோது நூற்றுப் பதினேழாம் வரியில் மட்டும் ‘தெரியாது’ என்று நின்றது. அது ஜிஜாவின் வரி. நானே தட்டச்சு செய்து வைத்திருந்த வாக்கியம் அங்கே இல்லை. மறுபடி ஓட்டினேன். கட்டம் மூன்றாம் பத்திக்குப் போனது, திரும்பியது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் இயேசுவே என்றார்கள். அவள் சொல்லவில்லை.

எங்காவது ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அழித்துவிட்டு, வாக்கியத்தை மறுபடி அடித்துச் சேமித்தேன்.

படுக்கையறைக்குள்ளிருந்து நீலகிரித் தைலம் மணத்தது. இருமல் வரும் நாட்களில் அவள் நெஞ்சில் தேய்ப்பது. மழைக்காலத்தில் பூட்டிய அறையில் பழைய வாசனை கிளம்பத்தான் செய்யும்.

செவ்வாய்க்கிழமை ஓட்டினேன்.

நூற்றுப் பதினேழாம் வரியில் ஒரு சொல் இருந்தது.

தெரியும்.

இந்தச் சொல் பட்டியலில் எங்குமே கிடையாது. தேடிப் பார்த்தேன். ‘மாற்று’ தாளிலும் இல்லை. என்னைத் தவிர இந்த லேப்டாப்பை யாரும் தொடுவதில்லை.

பின்னால் கதவு மூன்று முறை தட்டப்பட்டது. விரல் மடக்கி, மெதுவாக.

நான் திரும்பவில்லை.

ஈசாக் மாமா போனில் கூப்பிட்டார். “எலே நிஜினே, லிஸ்டு என்ன ஆச்சு? மரிச்சவியளுக்கு அவசரம் இல்ல. பிரஸ்காரனுக்கு ஆக்கும் அவசரம்.”

“நாளைக்குக் காலம்பற தாறேன் மாமா.”

“ஜிஜாக்க வரிய ஒண்ணு பாத்துப் போடு. அவளுக்க அம்ம பாவம், அந்த வார்த்தையப் பிடிச்சிட்டாக்கும் எழும்பி நடக்குது.”

இன்று புதன்கிழமை. விடிந்தும் இருட்டாகவே இருந்தது. மழை நிற்கவில்லை. பால் இல்லாத தேயிலையைக் குடித்தேன். முதலில் ‘மாற்று’ தாளைத் திறந்து பார்த்தேன்.

பதினைந்து வரி.

பதினைந்தாவதின் இடது பக்கம்: இயேசுவே, இதோ வருகிறேன். வலது பக்கம் அவளுடைய பேச்சு. எழுத்து பிசகாமல், அவள் பேசுகிற மாதிரியே. அன்று அதைக் கேட்டது நான் மட்டும்தான். யாரிடமும் சொன்னதில்லை. எங்கும் எழுதியதில்லை.

வரியை அழித்தேன். சேமித்தேன். எந்த விசையையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

திரையில் கட்டம் நகர்ந்தது.

மூன்றாம் பத்திக்குப் போனது. நின்றது. திரும்பிக் கடைசிப் பத்திக்கு வந்தது.

பிறகு மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக வரிகள் மாறின. பிறந்த மூன்றாம் நாளே போன குழந்தைக்கும் அதே வாக்கியம். தொண்ணூறு வயதில் இறந்த கோயில்பிள்ளைத் தாத்தாவுக்கும் அதே வாக்கியம். ஜிஜாவையும் சேர்த்து இருநூற்றுப் பதின்மூன்று பேர்.

கண்ட்ரோல் இசட் அழுத்தினேன். பயன் இல்லை. மேக்ரோ செய்ததை அப்படி மீட்க முடியாது. பாடம் சொல்லித்தருவதுபோல ஜிஜா இதையும் ஒருநாள் சொல்லியிருந்தாள்.

கதவு தட்டப்பட்டது. மூன்று முறை.

நான் எழுவதற்குள் வாசலில் குரல் கேட்டது. திருப்புறத்திலிருந்து முதல் பஸ் பிடித்து மாமி வந்திருந்தார். ஜிஜாவின் அம்மா. கையில் தூக்குப்பாத்திரம், குடையிலிருந்து தண்ணீர்.

“மரச்சீனியும் சாளக்கறியும் கொண்டு வந்தேன். நீ எதையும் திங்காம எலும்பாட்டுல்லா இருக்கிய. லிஸ்டு இன்னைக்குக் குடுக்கணும்னு ஈசாக் பறஞ்சாரு. அவளுக்க பேரு வாறத ஒண்ணு காட்டு மக்கா.”

லேப்டாப்பை மூட நினைத்தேன். அதற்குள் மாமி கண்ணைச் சுருக்கிக் குனிந்தார்.

“கண்ணாடிய வீட்டுல வச்சிட்டாக்கும் வந்தேன். இதென்ன, எல்லாவனும் ஒண்ணையே பறஞ்சிருக்கான்? இது அந்த வார்த்த இல்லியே. ரொம்ப நீளமாட்டுல்லா இருக்கு.”

கதவு தட்டப்பட்டது.

மாமி நிமிர்ந்தார். “உள்ள ஆரு?”

அப்போதுதான் சொன்னேன். எட்டு மாதத்தில் முதல் முறையாக.

அன்று பதினொரு மணிக்கு எனக்கு வீடியோவில் இண்டர்வியூ. கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் ஒரு கம்பெனி. ஜிஜாவுக்கு இரவெல்லாம் மூச்சிழுப்பு. காலையில் கொஞ்சம் தணிந்திருந்தது. இண்டர்வியூ முடிந்ததும் நெய்யாற்றின்கரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வைத்திருந்தோம். பாதியில் அவள் இருமல் மைக்கில் கேட்டது. அங்கே ஒருவர் முகம் சுளித்தார். நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவு சாத்தினால் நிற்காது, தானாகவே திறந்துகொள்ளும். அதனால் கொண்டி போட்டேன். கொஞ்ச நேரத்தில் மூன்று முறை தட்டினாள். ஏதோ சொன்னாள். குரல் இண்டர்வியூவில் கேட்டுவிடக் கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குக் கேட்டது. ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டினேன். மேக்ரோ பற்றிக் கேட்டார்கள். அவள் சொல்லித்தந்ததை நன்றாகச் சொன்னேன்.

நாற்பது நிமிடம். பிறகு கொண்டியை எடுத்துக் கதவைத் தள்ளினேன். நகரவில்லை. உள்ளே அவள் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வேலையும் கிடைக்கவில்லை.

மாமி என்னை அடிக்கவில்லை. அழவும் இல்லை. தூக்குப்பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு நேராகக் கதவிடம் போனார்.

“மாமி, வேண்டாம்.”

கொண்டியை எடுத்தார்.

கதவு திறக்கவில்லை.

சாத்தினால் ஒரு நொடிகூட நிற்காத கதவு. மாமி உள்ளங்கையை வைத்துத் தள்ளினார். பிறகு தோளை வைத்துத் தள்ளினார். ஒரு விரற்கடை நகர்ந்து, கனத்து, மெதுவாகத் திரும்பி வந்து மூடிக்கொண்டது. அந்த இடுக்கில் தைல வாசனை வந்தது.

மாமி கதவில் நெற்றியை வைத்தார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“எனக்க பிள்ள என்னத்த பறஞ்சா? செல்லு.”

திரையில் இருந்ததை நான் வாசித்தேன்.

“பேசி முடிச்சப்பொறவு கதவ ஒண்ணு தொறந்து விடுங்க. அவசரம் ஒண்ணும் இல்ல.”