யார் இருக்கையின் உறுமல்

படத்தில் யாரும் சாகவில்லை, பேயும் வரவில்லை. ஆனாலும் மூலையில் இருந்த நாடிமுழவுப் பெட்டி உறுமியது.

தணிகைவேல் படத்தை நிறுத்தினான். "கேட்டியா?"

"கேட்டுச்சு. கேபிளை மாத்திப் பாருங்க" என்றாள் அவன் மனைவி செவ்வந்தி.

மாற்றாத கேபிள் இல்லை. எர்த் சோதித்தாயிற்று. வேறு பிளக்கில் செருகி, பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி, அடியில் ரப்பர் விரிப்பும் போட்டாயிற்று. உறுமல் போகவில்லை.

நாடிமுழவு வந்தபிறகு பழைய சப்வூஃபரை யாரும் சீண்டுவதில்லை. சோபாவில் புதைத்த உணரிகள் உட்கார்ந்திருப்பவரின் நாடியைப் பிடித்துக்கொள்ளும். அவர் நெஞ்சு எவ்வளவு அடித்துக்கொள்கிறதோ அவ்வளவுக்குப் பெட்டி அதிரும். எந்த இருக்கையிலிருந்து எவ்வளவு என்று திரையோரம் இரண்டு கோடுகள் பெயரோடு ஓடும்.

உறுமும்போதெல்லாம் துள்ளியது 'செவ்வந்தி' கோடு. 'தணிகைவேல்' கோடு சிவனே என்று கிடந்தது.

அவன் கேபிளை விட்டுவிட்டு மனைவியைச் சோதிக்க ஆரம்பித்தான். எதிர் பிளாக் பிரசன்னா கிடாரோடு பால்கனிக்கு வந்தால் உறுமல். அவள் போனில் பிரசன்னா பெயர் ஒளிர்ந்தால் உறுமல். வந்தது குடியிருப்போர் குழுவில் தண்ணீர் லாரி பற்றிய செய்திதான். அதனால் என்ன, தணிகைவேலுக்கு வயிறு எரிந்தது.

"அவன் பேரைப் பாத்தாலே உன் நெஞ்சு இப்படி அடிச்சுக்குது. மெஷின் பொய் சொல்லுமா? என் லைனைப் பாரு. அசையுதா?"

செவ்வந்தி அந்தக் கோட்டைச் சற்று நேரம் பார்த்தாள். "மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. இல்லேன்னா நான் அம்மா வீட்டுக்குப் போறேன்."

பெட்டியைப் பொருத்திக் கொடுத்த ரெஹானாவே வந்தாள். செவ்வந்தி நடந்ததையெல்லாம் சொன்னாள். இருவரையும் வழக்கம்போல் உட்காரச் சொன்னாள். பிறகு, "மேடம், நீங்க மட்டும் எந்திரிங்க."

செவ்வந்தி எழுந்தாள். 'தணிகைவேல்' கோடு மறைந்தது. 'செவ்வந்தி' கோடு ஓடிக்கொண்டே இருந்தது.

"சார், இடம் மாறி உட்கார்றீங்களா? பொருத்தின அன்னிக்கு மேடம்தானே ஜன்னல் பக்கம் இருந்தாங்க? பேரு இருக்கைக்குத்தான் சார், ஆளுக்கு இல்ல."

இடத்தை மாற்றியது தணிகைவேல்தான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் பிரசன்னாவின் பால்கனி தெரியும். அதை அவள் பார்க்க வேண்டாம் என்று அவனே அங்கே உட்கார்ந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதிலாகப் பெட்டிதான் அலமாரி டம்ளரெல்லாம் நடுங்க உறுமியது.

ரெஹானா பெயர்களைத் திருத்தினாள். "உங்க இருக்கை உணரியை அணைச்சுடட்டுமா சார்? நீங்க பொறாமைப்பட்டா இது உறுமும். உறுமினா இன்னும் பொறாமைப்படுவீங்க. இது நிக்காது."

"அணைச்சுடும்மா."

செவ்வந்தி சண்டை போடவில்லை. அம்மா வீட்டுக்கும் போகவில்லை. "இனிமே நிம்மதியா படம் பாக்கலாம்" என்றாள்.

அன்று மாலை வீடு அமைதியாக இருந்தது. திரையோரம் ஒரே கோடு, செவ்வந்தியுடையது. இத்தனை நாள் தன் யோக்கியதைக்குச் சாட்சியாக அவன் காட்டிய அதே அசையாத கோடு.

"அந்த ரெஹானா சிரிச்சா அழகா இருக்கா, இல்ல?" என்றான் மெதுவாக.

"ஆமாங்க."

கோடு அசையவில்லை.

"என்கூட காலேஜ்ல படிச்ச நிர்மலா பக்கத்துத் தெருவுக்குக் குடி வந்திருக்கா. என்னைப் பாக்கணுமாம்."

"சாப்பிடக் கூப்பிடுங்களேன்."

அசையவில்லை. அவன் நெருங்கி உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். அவள் விலக்கவில்லை, படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ரெஹானாவுக்குப் போன் செய்தான். "பெட்டி ரிப்பேர்மா. சத்தமே வரமாட்டேங்குது."

"சத்தம் வேண்டாம்னுதானே சார் கூப்பிட்டீங்க?"

"அது என் சத்தம்மா" என்றான் தணிகைவேல். "இப்போ அவ சத்தம் வரமாட்டேங்குது."