விட்டுப்போன வட்டம்

1946 ஆவணியில் ஒரு பகல், தியாகராய நகர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர்: ஜவுளிக்கடை சுயம்புலிங்கம், மருமகள் சீதா, பேத்தி ஜலஜா, மனநோய் டாக்டர் ஹபீபுர் ரஹ்மான். ஜலஜா ஐந்து டம்ளர் காப்பி கொண்டுவந்தாள்.

தனியே சிரிக்கும் மகள் ஜலஜாவுக்காக டாக்டரை அழைத்தவள் சீதா. இந்த நோய் இரத்தத்தில் இறங்குகிறதா என்று குடும்பம் குடும்பமாகத் தேடுகிறவர் அவர். காகிதத்தில் வம்சக் கொடி போட்டு, ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் வரைந்தார். நோய் கண்டவர்களுக்கு மை நிரப்ப வேண்டும்.

"மறைக்காம சொல்லுங்க ஐயா. வைத்தியத்துக்கு உதவும். உங்க தங்கச்சி இசக்கியம்மாள்?"

"காய்ச்சல்ல போயிட்டா. இருவது வருசமாத் திதி கொடுக்கேன்."

"மாமா, உள்ளதச் சொல்லிருங்க" என்றாள் சீதா.

திதி கொடுத்தது உண்மை. அந்த இருபது வருடமும் இசக்கியம்மாள் மாடியறைப் பூட்டுக்குள் உயிரோடு இருந்ததும் உண்மை. மெய்யாக இறந்தது போன பங்குனியில். இருட்டோடு எரித்துவிட்டு வந்தவரே சுயம்புலிங்கம்தான். ஜலஜாவின் அக்காளுக்கு வரன் வந்திருக்கும் நேரத்தில், வம்சத்தில் பைத்தியம் என்று ஒரு டாக்டரின் காகிதத்திலா ஏறுவது?

காப்பி மணத்தையும் தெருவில் போன ஜட்கா வண்டியின் சலங்கையையும் மீறி, பசித்தால் இசக்கியம்மாள் டம்ளரால் தரையைத் தட்டும் அந்தப் பழைய ஓசை, மாடியிலிருந்து, நிதானமாக இறங்கி வந்தது.

டொக். டொக். டொக்.

டாக்டர் தலை நிமிரவில்லை. சீதாவும் நிமிரவில்லை. அவர்களுக்கும் கேட்டிருந்தால், செத்தவள் திரும்பியிருக்கிறாள். கேட்காவிட்டால், மை நிரப்ப வேண்டியது சுயம்புலிங்கத்தின் கட்டம்.

அவர் மாடிப்படியைப் பார்த்தார்.

டொக்.

ஜலஜா அவரையே பார்த்தாள். "மாடி ஆச்சிக்குப் பசிக்காம். உங்களுக்கும் கேக்குல்லா, தாத்தா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கல."

டாக்டர் ஒரே ஒரு வட்டத்துக்கு மை நிரப்பினார். ஜலஜாவின் வட்டம்.

அடுத்த மாதம் ஜலஜா காலராவில் இறந்ததாக உறவினருக்கெல்லாம் கடிதம் போனது. அக்காள் கல்யாணம் குறைவின்றி நடந்தது.

அந்த மாடியில் இசக்கியம்மாளின் ஆவி டம்ளரைத் தட்டுகிறது என்று தெருவில் ஒரு பேச்சு. அது தவறு. தட்டுகிறவள் ஜலஜா. அவளுடைய முதல் வருடத் திதி முறைப்படி நடந்தது. படைத்த சோற்றை மாடிக்குக் கொண்டுபோனவள் சீதா.