பூங்காவனம் பெயரில் ஒரு சீட்டு

காலை எட்டரை மணிக்குப் பொன்னியம்மா ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு நோட்டை மகன் முன்னால் வீசினாள். அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடைத்ததாம். மேலே மனநலப் பிரிவு என்ற முத்திரை, கீழே மருமகள் பெயர்: பூங்காவனம்.

"பைத்தியத்துக்கு மாத்திரை துன்னுகினுதான் என் ஊட்ல சோறாக்கிகினு கீறா… இவள அவங்கம்மா ஊட்ல கொண்டுபோய் வுட்டுட்டு வா."

ஹேமநாதன் மனைவியைப் பார்த்தான். ஒரு வார்த்தை மறுத்துச் சொல்ல மாட்டாளா என்றிருந்தது அவனுக்கு. அவளோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று மாதத்தின் முதல் செவ்வாய். பட்டணத்துக்குள்ளே தெருவுக்குத் தெரு மனநல டாக்டர்கள் இருக்கிறார்களாம். பருத்திப்பட்டு சனம் போகிற ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒருவர், அவரும் இந்த ஒரு நாள், பதினொரு மணி வரைக்கும்தான். விட்டால் அடுத்த மாதம். மாத்திரையோ நேற்றே தீர்ந்துவிட்டது.

நோய் அவளுக்கில்லை, நாத்தனார் ஜெயப்பிரியாவுக்கு. யாரோ திட்டுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு, தூக்கமில்லாமல் கிடந்த பெண். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிற வயதில் அவள் பெயர் அந்தச் சீட்டில் ஏறக் கூடாதென்று, பூங்காவனம் முதல் நாளே தன் பெயரைச் சொல்லிவிட்டாள். தையல் வகுப்பு என்று சொல்லி இருவரும் போய்வந்தார்கள். நான்கு மாதத்தில் அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். எவ்வளவு பெரிய தப்பை எவ்வளவு ஆசையோடு செய்திருக்கிறாள், பாவி!

தான் அம்மா வீட்டுக்கே போய்விடுவதாகவும், ஜெயாவை மட்டும் இன்று தன்னோடு அனுப்பும்படியும் பூங்காவனம் கெஞ்சினாள். என் பெண்ணையும் கெடுக்கப் பார்க்கிறாயா என்று மாமியார் வாசலை மறித்து நின்றுகொண்டாள். மணி பத்தைத் தாண்டியது.

அறைக்கதவு திறந்தது. ஜெயப்பிரியா வெளியே வந்தாள்.

"அந்த மாத்திரை என்னுதும்மா. அண்ணிக்கு ஒண்ணும் இல்ல… எனக்குக் கல்யாணம் ஆவணுமேன்னு அவங்க பேரக் குடுத்தாங்க."

பொன்னியம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹேமநாதன் ஆட்டோ பிடிக்க ஓடினான். ஆட்டோ வந்ததும் அவளும் எழுந்து அவர்களோடு ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வரிசையில் அவர்கள் தெருவிலிருக்கிற பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். மாமியார் முகத்தை மறைத்துக்கொள்வாள் என்றுதான் பூங்காவனம் நினைத்தாள். சீட்டு எழுதுகிறவர் அவள் பெயரைக் கூப்பிட்டதும், பொன்னியம்மா மருமகளின் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டுத் தானே எழுந்து போனாள்.

"அந்தப் பேர அடிச்சுடு நைனா. அது என் மருமவ, நல்லாத்தான் கீறா. ஜெயப்பிரியான்னு எழுது… என் பொண்ணு."

அத்தனை பேச்சுக்கும் அழாத பூங்காவனம் அப்போதுதான் அழுதாள்.