நீல அட்டைக் கூடாரம்

செயற்கை இரத்தத்துக்குச் சீனிப்பாணி மணம். வயிற்றில் ஒட்டியிருக்கும் சிலிக்கன் குடலுக்கு ரப்பர் மணம். மழையில் ஊறிய கூடாரத் துணிக்கும், பின்னால் உறுமிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டருக்கும்கூடத் தனித்தனி மணங்கள் உண்டு. மூன்று வருடமாக இந்த வேலைக்கு வரும் மரியரட்ணத்துக்கு அவை எல்லாம் பழக்கம். இன்று இவை எதிலும் சேராத ஒன்று அங்கே இருந்தது. இனிப்பாகத் தொடங்கி, மூக்கின் அடியில் தங்கி, தொண்டையில் கொழுப்பைப் போலப் படிந்தது. அவர் எச்சிலை விழுங்காமல் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்.

யேர்மன் இராணுவம் போர்முனை மருத்துவமனை நடத்தப் பழகும் வெளி அது. காயக்காரர்களாக நடிக்க, ஒரு நிறுவனம் ஊர் ஊராக ஆள் சேர்த்து பஸ்ஸில் கொண்டுவரும். கெல்சென்கிர்ச்சனிலிருந்து இன்று வந்த தமிழர் இரண்டே பேர்: அவரும் நடேசனும்.

"உங்களுக்குக் குடல், எனக்கு வெறும் முழங்கால்," காலையில் ஒப்பனைக் கூடாரத்தில் நடேசன் சொன்னான். "ஆளைப் பாத்துத்தான் காயமும் குடுக்கிறாங்கள் போல. அண்ணை, இண்டைக்குக் கொஞ்சம் குறைச்சுக் கத்துங்கோ. போன முறை உங்கட சத்தத்தில அந்த ஆமிப் பெட்டை அழுதிட்டாள்."

"கத்தத்தானே கூட்டிக்கொண்டு வாறாங்கள்."

"அதுக்காக? நான் பக்கத்தில கிடந்து உண்மையா ஆளுக்கு ஏதோ ஆகிட்டுது எண்டு நினைச்சன்."

கத்த வேண்டும், கெஞ்ச வேண்டும், 'இது நடிப்பில்லை' என்றுகூடச் சொல்ல வேண்டும் என்பது அதிகாரியின் கட்டளை. என்ன கேட்டாலும் தாண்டிப் போகத் தன் சிப்பாய்கள் பழக வேண்டும் என்றார் அவர்.

மத்தியானம் ஓர் இளம் வைத்தியர் மரியரட்ணத்தைப் பத்து விநாடி பார்த்துவிட்டு, கழுத்தில் நீல அட்டையைக் கொழுவினார். நீலம் என்றால் பிழைக்க மாட்டார், மருந்தைச் செலவழிக்க வேண்டாம், ஒதுக்குப்புறமாக வையுங்கள். நடேசனுக்கு மஞ்சள் கிடைத்தது. அவனைச் சத்திரசிகிச்சைக் கூடாரத்துக்குத் தூக்கிப் போனார்கள். இவரை ஜெனரேட்டருக்குப் பின்னால் இருந்த சின்னக் கூடாரத்தின் கடைசி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். மொத்தம் நான்கு ஸ்ட்ரெச்சர். மற்ற மூன்றும் வெறுமையாக இருந்தன. அதை அவர் நன்றாகப் பார்த்திருந்தார்.

காயக்காரரை எண்ணுவது அவருடைய பழைய தொழில். 2009இல் வன்னியில், ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்துவந்த, இயக்கத்தின் கள மருத்துவமனைக்கு அவர்தான் பொறுப்பு. வைத்தியர்கள் வெட்டினார்கள், தைத்தார்கள். சேலைன், டீசல், பாய், ஆட்கள், யார் எங்கே கிடப்பது என்பதெல்லாம் அவர் கையில். பிழைக்காது என்று வைத்தியர் தலையை ஆட்டினால் இவர் "பின்னுக்கு" என்பார். பின்னுக்கு என்றால் தறப்பாள் கூரை போட்ட கடைசி வகுப்பறை. அதற்குள் அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று, உள்ளே வேலை செய்த பிள்ளைகளிடம், "எத்தினை பேர்?" என்று கேட்பார். "தண்ணி கேக்கினம் அண்ணை," என்று அவர்கள் சொன்னால், "வயித்துக் காயத்துக்குத் தண்ணி குடுக்கப்படாது," என்று அங்கிருந்தே சொல்லிவிட்டுத் திரும்புவார். தாங்க முடியாத துக்கம், அதனால்தான் அண்ணை உள்ளே வருவதில்லை என்று பிள்ளைகள் நம்பினார்கள். துக்கம் இல்லை. பயமும் இல்லை. அருவருப்பு. அங்கே கிடந்தவர்கள்மேல், அவர்களுடைய வாயின்மேல், கையை நீட்டித் தன்னைத் தொட்டுவிடுவார்களோ என்பதன்மேல். இதை அவர் யாருக்கும் சொன்னதில்லை.

ஓர் ஈ வந்து அவருடைய உதட்டில் இருந்தது.

நவம்பர் மாதம். வெளியே புல்லில் உறைபனி. அவர் ஈயைத் தட்டினார். அது கொழுத்து, பறக்கப் பஞ்சிப்பட்டு, விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. விரலை ஸ்ட்ரெச்சர் துணியில் தேய்த்தார். துணி ஈரம். செயற்கை இரத்தம் என்றால் இதற்குள் ஆறியிருக்கும். இந்த ஈரம் இளஞ்சூடாக இருந்தது.

நாலு மணி இருட்டு கூடாரத்துக்குள் வரத் தொடங்கியிருந்தது. பக்கத்து ஸ்ட்ரெச்சரில் யாரோ மூச்சு விட்டார்கள். சளிக்குள்ளால் இழுத்து இழுத்து விடும் மூச்சு. தான் கண்ணயர்ந்தபோது இன்னோர் ஆளைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள் என்று நினைத்தார். நன்றாக நடிக்கிற ஆள்.

"அண்ணை."

அவர் திரும்பவில்லை.

"அண்ணை, தண்ணி."

பெண் குரல். வேறு பஸ்ஸில் வந்திருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும். "நீங்கள் எந்த இடம், தங்கச்சி?" என்று துணிக் கூரையைப் பார்த்தபடியே கேட்டார். "டோர்ட்முண்டோ?"

"பின்னுக்கு எண்டு சொன்னனீங்கள்," என்றாள் அவள். குறை சொல்லும் குரல் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில். "பின்னுக்குத்தான் கிடக்கிறன்."

அவர் பார்த்தார். அவளுடைய வயிற்றின்மேல் போர்த்தியிருந்த சாக்கு அசைந்தது. மூச்சுக்கு அசையவில்லை. மூச்சு நின்ற இடைவெளியிலும் அசைந்தது. அதன் ஓரத்திலிருந்து சோற்றுப் பருக்கைபோல ஒன்று விழுந்து, அவருடைய முழங்கையில் ஏறி, சுருங்கி, நீண்டு, சட்டைக் கைக்குள் போகப் பார்த்தது. மரியரட்ணம் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்தார். வாந்தியின் புளிப்புக்கூட அந்த மணத்துக்கு முன்னால் சுத்தமாக இருந்தது.

அவளுக்கு அங்கால் இருந்த ஸ்ட்ரெச்சரிலும் ஆள். அதற்கங்காலும்.

வாசல் துணி விலகியது. ரோர்ச் வெளிச்சம். சீருடையில் அந்த இளம்பெண் நின்றாள். போன முறை அழுதவள். ஒரு கையால் மூக்கைப் பொத்தியிருந்தாள்.

"எத்தனை பேர்?" வெளியே யாரோ யேர்மன் மொழியில் கேட்டார்கள்.

"நான்கு," என்றாள் அவள்.

"எக்ட்!" மரியரட்ணம் கத்தினார். உண்மை என்று. "இது நடிப்பில்லை! இவை உண்மையான ஆக்கள்! என்னை வெளியில எடுங்கோ!" யேர்மன் பாதி, தமிழ் பாதி. எழும்பி உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார்.

அவளுடைய முகம் கோணியது. கண் கலங்கியது. ஆனாலும் நிமிர்ந்து நின்றாள். இந்த முறை அவள் அழவில்லை. சொல்லிக் கொடுத்தபடி அவரைத் தாண்டித் துணிச் சுவரைப் பார்த்தாள். ஏதோ எழுதினாள். துணியை இறக்கிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி பயிற்சி முடிந்தது என்றது. வெளியே சிரிப்பு. சப்பாத்துச் சத்தம். தட்டுகள்.

"மரியரட்ணம் அண்ணை!" நடேசன். எங்கோ துணிக்கு அப்பால். "எங்கை நிக்கிறியள்? சூப் முடியப் போகுது! நடிச்சது காணும், வாங்கோ!"

வாசல் ஆறடி. எழும்பினார். பக்கத்து ஸ்ட்ரெச்சரில் கிடந்தவளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு கையை நடைவழியில் குறுக்காகத் தொங்கவிட்டிருந்தாள். நகங்கள் கறுப்பு. தடுப்பதற்காக இல்லை. தூக்க ஏலாமல்.

"ஒரு வாய், அண்ணை."

தலைமாட்டில் அவருடைய தண்ணீர்ப் போத்தல் இருந்தது. ஒரு வாய் கொடுத்துவிட்டுப் போகலாம். ஒரே ஒரு வாய். மூடியைத் திருகி, போத்தலைத் தள்ளி நின்று நீட்டினார். அவள் வாங்கவில்லை. வாயை மட்டும் திறந்தாள். தண்ணீர் கன்னத்தில் வழிந்து போனது. பிடரியில் கைகொடுத்துத் தூக்க வேண்டும்.

கொடுத்தார்.

பிடரி ஊறிய பாண் துண்டுபோல அமிழ்ந்தது. விரல்கள் உள்ளே போயின. இளஞ்சூடு. விரல்களைச் சுற்றிச் சின்னச் சின்னதாக ஓட்டம். அவர் பற்களைக் கடித்துக்கொண்டு தூக்கினார். அவள் குடித்தாள். ஒரு மிடறு. இரண்டு. தொண்டையிலிருந்து வந்த காற்று அவருடைய முகத்தில் பட்டது.

"காணும்," என்றாள். "அங்கால குடுங்கோ."

"அண்ணை! பஸ் வெளிக்கிடுது!"

அவர் நிமிர்ந்தார். வாசல் இருந்த இடத்தில் ஸ்ட்ரெச்சர் இருந்தது. அதற்கங்கால் ஒன்று. அதற்கங்கால் பாய். பாய்க்கு அங்கால் வெறும் சீமெந்து. கூடாரம் முடிய வேண்டிய இடம் தாண்டி, இருட்டு தொடங்கும் இடம் வரைக்கும், வரிசையாக, ஒருவரும் முனகாமல், ஒருவரும் கை நீட்டாமல், முகத்தை அவர் பக்கம் திருப்பியபடி.

எல்லா வாயும் திறந்திருந்தது.