விலகுமூளை

நூறு வயதைத் தாண்டிய அந்தக் கறுப்புக் கார் முதல் ஐந்து போட்டிகளிலும் மண்ணைக் கவ்வியது. புகை, சத்தம், எரிபொருள், பிரேக், இருக்கை என்று எல்லாவற்றிலும் ‘சிட்டு’ என்ற, ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் குட்டிக் காருக்கே வெற்றி. கோவைக் கண்காட்சித் திடலே கைதட்டியது. கறுப்புக் காரின் ஓட்டுநர் ஆறுச்சாமியும் சேர்ந்து தட்டினார். அவர் காத்திருந்தது ஆறாவது போட்டிக்கு.

சிட்டை வடிவமைத்த முகுந்தன் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “இதுக்குள்ள இருக்கிறது விலகுமூளைங்க. எது வந்தாலும் விலகும், வழி இல்லைன்னா நிக்கும். ஆபத்து தீர்ற வரைக்கும் கதவைத் திறக்காது. பதினோரு வருஷமா இந்த ஊர்ல ஒரு விபத்து இல்லை.”

உண்மைதான். ஆறுச்சாமியின் மகள் கௌசிகாவும் விபத்தில் சாகவில்லை. பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போனவளைச் சுமந்த சிட்டு, தேர்க் கூட்டத்துக்கு விலகி ஒரு சந்துக்குள் ஒதுங்கியது. கூட்டத்தை ஆபத்து என்று எண்ணிக் கதவுகளைப் பூட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் நின்றது. ‘வண்டி விதிப்படி நடந்தது’ என்று ஒற்றை வரியில் அறிக்கை எழுதிய புண்ணியவான் இந்த முகுந்தன். ஆறுச்சாமி ஐம்பத்தெட்டு வயதில் கியர் போடக் கற்றுக்கொண்டு, பழைய கார் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தது இந்த ஒரு நாளுக்காகத்தான்.

ஆறாவது போட்டி சாலை ஓட்டம். முகுந்தன் சிட்டில் ஏறிக் கையசைத்தார். கறுப்புக் கார் வலப்பக்கம் வந்து சேர்ந்ததும் ஆறுச்சாமி ஸ்டியரிங்கை லேசாக இடப்பக்கம் ஒடித்தார். சிட்டு அதே அளவு ஒதுங்கியது. இன்னும் ஒடித்தார், இன்னும் ஒதுங்கியது. ஆட்டை மடக்குவதுபோல மடக்கி, மூன்று தெரு தாண்டி, மூடிய பஞ்சாலையின் முட்டுச்சந்துக்குள் அதை ஓட்டிவிட்டார். சிட்டு மதில் ஓரம் நின்று பூட்டிக்கொண்டது. இன்ஜினை அணைக்காமல் ஒரு சாண் தள்ளி நிறுத்தினார்.

“என்னங்க பண்றீங்க? வண்டியை எடுங்க” என்றார் முகுந்தன், கண்ணாடி இடுக்கு வழியே.

“நாப்பது நிமிசமுங்க. அதுக்கு மேல ஒரு நிமிசங்கூட வேண்டாமுங்க.”

“யாருங்க நீங்க?”

“கௌசிகாவோட அப்பனுங்க.”

“எந்தக் கௌசிகா?”

ஆறுச்சாமிக்கு உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. இரைச்சல் கூட்ட ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். காவல் வண்டிகள் இரண்டு வந்தன. அவற்றுக்கும் அதே மூளை. சந்து முனையில் நின்று போலீஸ்காரர்களை உள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டன. இருபத்தெட்டாம் நிமிடத்தில் அந்த ஒற்றை வரி அறிக்கை நினைவுக்கு வந்து முகுந்தன் அழுதார். “நான் எழுதினது தப்புங்க. என்னை விட்டுருங்க.”

ஆறுச்சாமி மிச்சப் பன்னிரண்டு நிமிடத்தையும் அவருக்குக் கொடுத்தார். வருடக்கணக்கில் எரிந்த வயிறு குளிர்ந்தது. இன்ஜினை அணைத்து, சரணடைய இறங்கி நடந்தார்.

காவல் வண்டிகளின் கதவுகள் திறக்கவில்லை. அவர் நெருங்க நெருங்க இரண்டும் பின்வாங்கின. ஒரு சிட்டு கற்றது எல்லா வண்டிக்கும் பாடம். அந்த நாற்பது நிமிடத்தில் விலகுமூளை கற்றது, ஆபத்து கறுப்புக் கார் அல்ல, அதை ஓட்டிய ஆள் என்பது.

பெரிய சாலையில் அவர் கால் வைத்ததும் இருபுறமும் போக்குவரத்து நின்றது. கதவுகள் வரிசையாகப் பூட்டிக்கொண்டன. ஆறுச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. ஊரே கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று நடுச்சாலையில் நிமிர்ந்து நடந்தார்.

எதிரே ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து, அவரைக் கண்டு நின்றது. உள்ளிருந்து செவிலியின் குரல் ஒலிபெருக்கியில் கெஞ்சியது.

“ஐயா, பிரசவ கேஸுங்க. புண்ணியமாப் போகும், கொஞ்சம் தள்ளிப் போங்க.”

ஆறுச்சாமி பக்கத்துத் தெருவுக்குள் ஓடினார். அங்கேயும் வண்டிகள் ஒவ்வொன்றாக நின்று தெருவை அடைத்தன. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி அதுதான் என்பது பாதி தூரம் ஓடிய பிறகே அவருக்கு உறைத்தது.