நினைவுச் சலவை

ஜூன் பிறந்தால், முறை வந்த மொழியாசிரியர்கள் எல்லாம் நினைவுச் சலவை நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கணக்கு வாத்தியார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மொழி சொல்லித்தந்தவர்தான் மாணவரின் நாக்கில் குடியேறிவிடுகிறார் என்று அரசாங்கம் கண்டுபிடித்திருந்தது. கொடுமைக்காரரிடம் படித்தவர் நாளைக்கு அதே கொடுமையைச் செய்வாராம். முறை வந்ததும் அந்த ஆளை மூளையிலிருந்து துடைத்தெடுத்த பிறகே மறுபடி வகுப்புக்குள் விடுவார்கள்.

தூத்துக்குடி மிதவைப் பள்ளியின் தமிழ் டீச்சர் ரெஜினாள் தலையில் நினைவுவருடியை மாட்டினார்கள். திரையில் வேதநாயகம் சாரின் முகம் எழுந்தது. திக்குவாய்ச் சிறுமியாக இருந்த அவளைப் பெஞ்சின்மேல் ஏற்றி, வகுப்பே சிரித்து ஓயும்வரை செய்யுள் வாசிக்கவைத்த புண்ணியவான்.

"எடுத்துரலாமா டீச்சர்?" என்றாள் கருவியை இயக்கிய பெண்.

"வேரோட எடுங்கம்மா. இத்தன வருஷமா தொண்டைக்குள்ளயே உக்காந்திருக்காரு மனுஷன்."

அன்றிரவு ரெஜினாள் நிம்மதியாகத் தூங்கினாள், பாவம்.

மறுநாள் ஐந்தாம் வகுப்பில் ஷைனி வாசிக்க எழுந்தாள். அவளுக்கும் திக்குவாய்தான். போன ஆண்டு முழுக்க ரெஜினாள் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்தாள். சிரித்த பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கினாள். அப்படித்தான் அந்தப் பிள்ளை வாய் திறந்தது. அந்தப் பொறுமை எந்த அவமானத்தில் முளைத்தது என்று கருவிக்குத் தெரியாது.

"க... க... கட..."

பின்வரிசை சிரித்தது. ரெஜினாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, நீ உக்காரு. அடுத்தாளு வாசி."

டீச்சர் பக்கத்தில் வருவாள் என்று ஷைனி நின்றுகொண்டே இருந்தாள்.

"உக்காருன்னு சொன்னம்லா?"

இடைவேளையில் அறிவியல் டீச்சர் பிலோமினா மூச்சிரைக்க வந்தாள். "ஏட்டி, ஷைனி கழிப்பறைல ஒளிஞ்சு அழுதுட்டு இருக்கு. இனிமே வாசிக்கவே மாட்டேன்னு எழுதிக் காட்டுது. என்னட்டி செஞ்ச?"

"அவளுக்காவ மத்த புள்ளைய எல்லாம் காத்துக் கெடக்கணுமாக்கும்?"

"காத்திருக்கணும்னு எங்க எல்லார்ட்டயும் மல்லுக்கு நிப்பியே, அது நீதான?"

"நானா? எதுக்கு?"

பிலோமினா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு, முன்பு ரெஜினாளே அவளிடம் சொல்லிச் சொல்லி அழுத கதையைச் சொன்னாள்: பெஞ்சின்மேல் ஒரு சிறுமி, கையில் புத்தகம், வராத சொல், சுற்றிலும் சிரிப்பு.

ரெஜினாள் முழுவதையும் கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே மனம் கசிந்தது.

"ஐயோ பாவம்," என்றாள். "யாரு அந்தப் புள்ள?"